கீழ்பென்னாத்தூரில் இரண்டு பைலட்டுகள்

அர்ஜுனனின் பெயரை ஒருவன் பிடுங்கிக்கொண்டான். ஐந்து வருஷமாகிறது. பிடுங்கியவன் யாரென்று ஊருக்கே தெரியும். ஆனால் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? கொடுத்தால் அன்றைக்கே வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். பிடுங்கியவன் பெண்டாட்டியின் தம்பி.

அந்தப் பெயர் பைலட்.

ஒரு காலத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "பைலட் வண்டி எங்கப்பா?" என்று கேட்டால் படுத்துக்கிடக்கும் ஆள்கூட எழுந்து கையை நீட்டி அர்ஜுனனின் வேனைக் காட்டுவார். முன்கண்ணாடியில் மேலே 'அண்ணாமலையார் துணை'. அதற்குக் கீழே, அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், 'பைலட்'. சும்மா வந்த பெயர் இல்லை அது. ஒரு மந்திரியால் வந்தது. மந்திரி விரும்பிக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏதோ ஒரு திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். இந்த மாதிரி ஊர்வலத்தில் எல்லாக் கார்களுக்கும் முன்னால் வழிகாட்டிப் போகும் போலீஸ் ஜீப்பைப் பைலட் என்பார்கள். அந்த ஜீப் செஞ்சி ரோட்டில் படுத்துவிட்டது. பின்னாலேயே நெல் மூட்டையோடு வந்த அர்ஜுனனை ஒரு ஏட்டு நிறுத்தி, "கீழ்பென்னாத்தூருக்கு வழி தெரியுமா? முன்னாடி போ. நாங்க பின்னாடியே வர்றோம்" என்றார். அர்ஜுனன் போனார். மந்திரியே நம் பின்னால் வருகிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் கை தன் பழக்கத்தை விடவில்லை. தினமும் எந்த இடத்தில் திரும்புமோ அதே இடத்தில் திரும்பியது. பின்னால் வந்த கார்கள் ஒன்றுகூட வழி தவறாமல் ரைஸ்மில்லுக்குள் நுழைந்தன. அப்போது பார்த்து உமியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மந்திரி கதவைத் திறந்து இறங்கினார். மந்திரி, செயலாளர், காவலுக்கு வந்தவர், மாலை வைத்திருந்தவர் எல்லாரும் ஒரே நிறமானார்கள். மில் முதலாளி ரெய்டு என்று நினைத்துப் பின்சுவர் ஏறிக் குதித்தவர், மறுநாள் பண்ருட்டியிலிருந்து போன் பண்ணினார்.

அன்றிலிருந்து அர்ஜுனன் பைலட். அவர் அதைப் பட்டம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் மாறன் வந்து சேர்ந்தான். அர்ஜுனனின் பெண்டாட்டி அருணாதேவிக்கு ஒரே தம்பி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் பண்ணுகிற வீடு. விதை போட்ட காட்டில் காக்கா ஓட்டப் பையனை அனுப்பினால், காக்கா இறங்கும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "பாருங்க மாமா, காத்துக்கு எதிராத்தான் இறங்குது" என்பான். அது எந்தப் பக்கமிருந்து இறங்கினாலும் மல்லாட்டை போய்விடும். ப்ளஸ் டூ முடித்ததும், "பைலட்டுக்குப் படிக்கப் போறேன்" என்றான். அர்ஜுனனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேனுக்கெல்லாம் படிப்பு எதுக்கு மச்சான், நானே கத்துத் தர்றேன்" என்றார். பையன் சொன்னது ஏரோப்ளேன் என்று பிறகுதான் விளங்கியது. ஏரிக்கரைப் பக்கத்து நிலம் அவனோடு சேர்ந்து மேலே பறந்தது. நாலைந்து வருஷம் எங்கெங்கோ படித்துவிட்டு, செந்நாரை ஏர்வேஸ் என்ற கம்பெனியில் சேர்ந்தான். சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய்வரும், இறக்கையில் காற்றாடி வைத்த விமானங்கள். இவன் வலப்பக்கம் உட்காரும் கோ-பைலட்.

முதல் லீவில் தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு வந்து, பஸ் நிறுத்தத்து தனம் கடையில் போண்டா தின்றான். அவ்வளவுதான். போண்டா ஆறுவதற்குள் பெயர் கை மாறிவிட்டது. அர்ஜுனன் 'பைலட்டோட மாமா' ஆனார். பெரிய பைலட், சின்ன பைலட் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சமாதானத்துக்கு வந்து பார்த்தார். தனம் கரண்டியால் அடுப்பில் ஒரு தட்டுத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள்.

"அவன்தான் பைலட்டு. நீ வேனு."

வேனு என்றது நிலைத்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, "வேணு அண்ணே, வண்டி எப்ப எடுப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அர்ஜுனன் ஹாரனை அழுத்துவார்.

இப்படி இருக்கும்போது, போன ஆடி மாசம் மாறன் ஊருக்கு வந்தான். ஆவணி முடிந்தது. புரட்டாசி முடிந்தது. போகிற வழியாக இல்லை.

"இன்னாடா மச்சான், லீவு ஜாஸ்தியா கீதே?" என்று ஒருநாள் கேட்டார் அர்ஜுனன்.

மாறன் சொன்னான். செந்நாரையின் விமானங்களில் பாதிக்கு இன்ஜின் கோளாறு. கழற்றி வெளிநாட்டுக்கு ரிப்பேருக்கு அனுப்பினார்கள். போன இன்ஜின் வரவில்லை. விமானம் நிற்கும்போது ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை? கடைசியாகச் சேர்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. வேலை இருக்கிறது, டூட்டிதான் இல்லை. இன்ஜின் வரவர, சேர்ந்த வரிசைப்படி திரும்பக் கூப்பிடுவார்கள். வீட்டில் இருக்கும் இந்தக் காலத்துக்குப் பெயர் ஃபர்லோ. திரும்பக் கூப்பிடுவது ரீகால்.

"அட, நம்ம பௌர்ணமி ஸ்பெஷல் பஸ் மாதிரி" என்றார் அர்ஜுனன். "கூட்டம் இருந்தா டிரைவர கூப்புடுவான், இல்லன்னா வூட்ல இருன்னுடுவான். இதுக்கு எதுக்கு இங்கிலீஷு?"

"அதேதான் மாமா. ஆனா எங்களுக்குப் பௌர்ணமி எப்பன்னு தெரியாது."

விஷயம் விளங்கிவிட்டது. வந்த தொல்லை வார்த்தையால்தான். அர்ஜுனனின் வாயில் ஃ என்ற எழுத்து நாலாம் வகுப்போடு நின்றுபோனது. அவர் நேராக தனம் கடைக்குப் போனார். "பைலட்டு எப்பப் போறாரு?" என்று யாரோ கேட்டதற்கு, அந்த 'ரு'வில் வந்த எரிச்சலோடு, "அவன் எங்க போறது? பர்லோல வந்துகீறான்" என்றார். தனம் எண்ணெயில் போண்டாவைப் போட்ட நேரம். சடசடவென்ற சத்தத்தில் அவள் காதில் விழுந்தது பரோல்.

கரண்டி நின்றது. "அண்ணாமலையானே! அந்தப் புள்ளயா?"

"புள்ளதான். ஆனா கூப்பிட்டா போய்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அர்ஜுனன் டீயை உறிஞ்சினார்.

மாலைக்குள் கீழ்பென்னாத்தூர் பூராவும் பரவிவிட்டது. மாறன் ஜெயிலிலிருந்து பரோலில் வந்திருக்கிறான். இந்த ஊரைக் குறை சொல்லக் கூடாது. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. என்ன குற்றம் என்பதில்தான் இரண்டு கட்சி. ஏரோப்ளேனை எங்கேயோ இடித்துவிட்டான் என்றது ஒரு கட்சி. இல்லை, ஒரு ஊருக்குப் போக வேண்டியதை வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான், மாமன் பழக்கம் என்றது இன்னொன்று.

மறுநாள் மாறன் டீக்கு வந்தான். தினமும் தட்டில் இரண்டு போண்டா வைக்கும் தனம் நாலு வைத்தாள்.

"தம்பி, எல்லாம் கேள்விப்பட்டோம். மனச விட்றாத. எவ்ளோ நாளுக்கு விட்டுகீறாங்க?"

"நாளெல்லாம் சொல்லலக்கா. கூப்பிட்டா உடனே போய்டணும்."

"நீ மட்டுந்தானா?"

"எங்க நான் மட்டும்? ஒரே நாள்ல நாப்பது பேர வெளிய அனுப்பிட்டாங்க."

திருவண்ணாமலைக்குத் தினமும் பூ கொண்டுபோகும் ஆராயி பெஞ்சில் இருந்தாள். "நாப்பது பேரா! எம்மாம் பெரிய கும்பலு. தலைவனுங்கள்லாம்?"

"கேப்டனுங்களா ஆயா? அவங்க உள்ளதான் இருக்காங்க. சீனியருங்கள விட மாட்டாங்க."

"எப்புடி விடுவான்? அவனுங்களாலதான இவ்ளோவும்."

"உள்ள சாப்பாடு எப்புடிப்பா?" என்றாள் தனம், மெல்ல.

"டப்பாவுல அடைச்சுத் தருவாங்கக்கா. ஆனா மேல போய்ட்டா நாக்குல ருசியே தெரியாது."

ஆராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மேல போற பேச்சு எதுக்குப்பா சின்ன வயசுல?"

"திரும்பப் போணுமேன்னு பயமா இல்லியா தம்பி?"

"பயமா? எப்படா கூப்பிடுவாங்கன்னு தவம் கிடக்கறேன்க்கா. வெளிய இருக்கவே முடியல."

தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஞ்சாவது போண்டாவை வைத்தாள். ஊர் ஜனங்களுக்குத் தன் மேல் இவ்வளவு பாசமா என்று மாறனுக்கு ஒரே நெகிழ்ச்சி.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவன் மாமாவின் வேனில் ஏறினான். அர்ஜுனனின் கஷ்டகாலம் அப்போதுதான் ஆரம்பித்தது. வண்டியை எடுப்பதற்கு முன் மாறன் டார்ச்சோடு அதைச் சுற்றி வருவான். டயரை அமுக்குவான். அடியில் குனிந்து பார்ப்பான். விளக்குகளைத் தொட்டுப் பார்ப்பான். மறுபடி கிளம்பின இடத்துக்கே வந்து தலையாட்டுவான். ஒவ்வொரு டிரிப்புக்கும் இதே கூத்து.

"மலைய சுத்தினாலும் புண்ணியம் உண்டு. வேனுக்கு எதுக்குடா கிரிவலம்?"

"வாக்-அரவுண்ட் மாமா. பறக்கறதுக்கு முன்னாடி பார்த்தே ஆகணும்."

"இது பறக்குதா?"

"நீங்க ஓட்டறப்ப பறக்குதே."

வண்டி நகர்ந்ததும் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, "வணக்கம். திருவண்ணாமலை செல்லும் நம்ம வண்டிக்கு உங்களை வரவேற்கிறோம். வெளியில முப்பத்தாறு டிகிரி. காத்து கிழக்கால இருந்து அடிக்குது" என்று ஆரம்பிப்பான். ஜனங்கள் கை தட்டுவார்கள். ஆராயி, "இட்லி எப்பப்பா தருவ?" என்பாள். ஆசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், இந்த அறிவிப்பைக் கேட்பதற்காகவே இரண்டு தரம் கீழ்பென்னாத்தூருக்கு வந்து, இறங்காமல் திரும்பிப் போனார். இருபது வருஷம் வண்டி ஓட்டிய அர்ஜுனனுக்கு ஒருத்தரும் கை தட்டியதில்லை.

நடுநடுவே போன் வரும். அருண்பிரசாத் என்று கூட வேலை பார்த்தவன். அவனும் ஃபர்லோதான், திருச்சியில் மாமனார் வீட்டில். தினமும் ஒரு வதந்தி சொல்வான். அடுத்த வாரம் ஒரு இன்ஜின் வருகிறது. தீபாவளிக்கு இரண்டு. கம்பெனியையே யாரோ வாங்கப் போகிறார்கள். அவன் சொன்ன தேதியிலெல்லாம் வந்திருந்தால், செந்நாரைக்கு விமானத்தைவிட இன்ஜின் ஜாஸ்தியாகியிருக்கும். பிறகு வேறொரு பெரிய கம்பெனி ஆள் எடுக்கிறது என்றான். அங்கே ஓடுவது ஜெட். போனால் முதலிலிருந்து படிக்க வேண்டும், வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும், செந்நாரையில் இருக்கும் இடமும் போய்விடும். போகாவிட்டால், கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

"மாமா, நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அர்ஜுனன் கியரை மாற்றிக்கொண்டே யோசித்தார். "பஸ் ஸ்டாண்டுல நின்னா ஒரு பஸ்ஸுக்குத்தான் நிக்கணும். அத விட்டு இதுக்கு, இத விட்டு அதுக்குன்னு ஓடினவன் ரெண்டையும் பார்த்துகினே நிப்பான். உன் வண்டி வரும், உக்காரு." சற்று நிறுத்தி, "ஆனா என் சீட்டுல உக்காராத" என்றார்.

மார்கழி பிறந்ததும் வண்டி வந்தது. திருவண்ணாமலை மாடவீதியில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மாறனின் போனில் மெயில். இரண்டு இன்ஜின் வந்துவிட்டது. முதலில் கொஞ்சம் பேரைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் கடைசி ஆள் மாறன். அவனுக்குக் கீழே நிற்கும் அருண்பிரசாத்துக்கு இல்லை. மாறன் நடுரோட்டில் இறங்கிக் குதித்தான். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் விஷயம் தெரியாமல் அவரும் இறங்கிக் கை கொடுத்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. விமான நிலையத்துக்குள் போகும் பாஸ் இத்தனை மாசத்தில் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க வேண்டும். அதற்கு, இவன் ஒழுங்கான ஆள், இவன் மேல் வழக்கு ஒன்றும் இல்லை என்று ஊர்ப் போலீஸ் விசாரித்துச் சொல்ல வேண்டும். அது அடுத்த வாரத்துக்குள் போகாவிட்டால் மாறனை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்னொரு இன்ஜின் எப்போது வரும் என்பது அண்ணாமலையாருக்கும் தெரியாது, அருண்பிரசாத்துக்கு மட்டும்தான் தெரியும்.

விசாரிக்க வந்தது கான்ஸ்டபிள் தேவிப்ரியா. ஊருக்குப் புதிது. ஒரு ஆளைப் பற்றி விசாரிக்க ஊரில் எது நல்ல இடம்? நேராக தனம் கடைக்கு வந்தாள்.

"மாறன்னு ஒரு பைலட். தெரியுமாக்கா? ஆள் எப்படி?"

கடையில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புள்ளையைக் காப்பாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"தங்கமான புள்ளம்மா" என்றாள் தனம். "பரோல்ல வந்ததுலேர்ந்து ஒரு தப்புதண்டா கெடயாது."

தேவிப்ரியாவின் பேனா நின்றது. "எதுல வந்தது?"

"பரோல்ல."

"ஓடிப்போற ஆளு இல்லம்மா" என்று ஆராயி முன்வந்தாள். "தெனமும் வேன்ல போறான், சாயங்காலம் டாண்ணு திரும்பி வந்துர்றான். எப்ப உள்ள கூப்புடுவாங்கன்னு அவனேதான் கேட்டுகினு கீறான். இப்புடி ஒரு கைதிய நீ பார்த்துகீறியா?"

"கூட்டாளிங்க நாப்பது பேரையும் விட்டுட்டான்மா" என்றார் பெஞ்சில் இருந்த இன்னொருவர். "ஒருத்தன் மட்டும் திருச்சியிலேர்ந்து போன் பண்றான். நம்ம புள்ள பாவம், எடுத்துப் பேசுது."

இதற்குமேல் யாருக்கும் நற்சான்று தர முடியாது. தேவிப்ரியா டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்தில் மாறனுக்கு ஸ்டேஷனிலிருந்து போன். அர்ஜுனன் வண்டியை எடுத்தார். மாறன் டார்ச்சோடு இறங்கினான்.

"டேய், ஸ்டேஷனுக்குப் போறப்பவுமாடா?"

"பழக்கம் மாமா."

ஸ்டேஷனில் தேவிப்ரியா கைகட்டி நின்றிருந்தாள். "வேலூர் ஜெயிலுக்குப் போன் பண்ணிட்டேன். இந்தப் பேருல எங்க கிட்ட யாரும் இல்லன்றாங்க. உண்மைய சொல்லுங்க. எந்த ஜெயிலு? பரோல் முடிஞ்சும் போகாம இருக்கீங்களா?"

மாறன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அஞ்சாவது போண்டா எதற்காக என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. "மேடம்! அது பரோல் இல்ல. ஃபர்லோ. ஃபர்லோ மேடம்! வேணும்னா போன்ல பாருங்க."

தேவிப்ரியா போனில் தட்டிப் பார்த்தாள். உரக்கப் படித்தாள். "ஃபர்லோ: தண்டனைக் கைதிக்கு வழங்கப்படும் குறுகிய கால விடுப்பு."

மாறன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பார்த்தியா?" என்றார் அர்ஜுனன். "நான் சரியாத்தான் சொல்லிகீறேன்."

"மாமா, தயவுசெஞ்சு பேசாதீங்க."

ஆனால் அர்ஜுனன் பேசினார். மச்சானின் முகம் போன போக்கைப் பார்த்ததும் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "யம்மா, இங்கிலீஷ வுடு. பௌர்ணமிக்கு ஸ்பெஷல் பஸ் வுடறாங்கல்ல? அன்னிக்கு மட்டும் டிரைவருங்கள கூப்புடறாங்க. மறாநாளு, வூட்டுக்குப் போ, அப்பறம் கூப்புடறோம்னு அனுப்பிடறாங்க. அவங்கள்லாம் கைதியா? இவனும் அப்படித்தான். இவன் பஸ்ஸுக்கு ரெக்கை கீது, இன்ஜின் இல்ல. இப்ப இன்ஜின் வந்துடுச்சு, கூப்புடறான். இவ்ளோதான் கதை."

தேவிப்ரியா மாறனின் மெயிலை வாங்கிப் படித்தாள். கம்பெனி முத்திரை இருந்தது, விமானப் படம் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "எங்க வீட்டுக்காரரும் ஸ்பெஷல் பஸ்தான். இனிமே அவர பரோல்னுதான் கூப்பிடணும்" என்று பேனாவைத் திறந்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். உள்ளே டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்த எஸ்.எஸ்.ஐ. ராஜா ஈரக்கையோடு வெளியே வந்தார். ரிட்டயர் ஆகப் போகிறவர், இந்த ஸ்டேஷனுக்குப் போன மாசம்தான் மாற்றலாகி வந்தவர். மீசை ஒன்றுதான் இன்னும் டூட்டியில் இருந்தது.

"யாரும்மா? கீழ்பென்னாத்தூர் பைலட்டா?"

"ஆமா சார். வெரிஃபிகேஷன். கேஸ் எதுவும் இல்லன்னு அனுப்பிடறேன்."

"அனுப்பாத!" ராஜா டிபன் பாக்ஸை மேஜை மேல் வைத்த வேகத்தில் மூடி உருண்டு ஓடியது. "அந்தப் பைலட்ட எனக்குத் தெரியும். மந்திரி கான்வாய ரைஸ்மில்லுக்குள்ள வுட்ட பய! அவன் ஒழுங்கான ஆளுன்னு இந்த ஸ்டேஷன்லேர்ந்து ஒரு எழுத்து போகாது. அன்னிக்கு ரோட்டுல அவன நிறுத்தி, முன்னாடி போன்னு சொன்ன ஏட்டு யாருன்னு நெனச்ச? நான்தான்! அதுக்கப்பறம் எத்தன வருஷம் கிரிவலப் பாதையில செருப்புத் திருட்டு பாக்க வெச்சாங்க தெரியுமா? இன்னிக்கும் உமியப் பார்த்தா தும்மறேன்." சொன்ன வேகத்திலேயே ஒரு தும்மல் போட்டார்.

மாறன் மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தான். திட்டியிருந்தால் அர்ஜுனனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் காலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வண்டி வாசலுக்கு நேராகத்தான் நின்றது. ஓடிப் போய் ஏறிவிடலாம். ஆனால் விமானத்துக்கு வைப்பதுபோல மாறன் டயருக்கடியில் வைத்த கட்டையை இன்னும் எடுக்கவில்லை.

ஐந்து வருஷமாக, காக்கிச் சட்டை போட்ட யாராவது ஒருத்தர், 'யாருய்யா பைலட்?' என்று ஊர் நடுவில் கேட்க மாட்டாரா என்று அவர் ஏங்கியிருக்கிறார். இப்போது கேட்டார்கள். இப்படியா கேட்க வேண்டும்?

அர்ஜுனன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். "ஐயா, அந்தப் பைலட்டு நான்தான். இவன் சும்மா ஏரோப்ளேன் ஓட்றவன்."

ராஜா அருகில் வந்தார். மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"நான்தானுங்க."

"மில்லுக்குள்ள எதுக்குடா திரும்பின?"

"நெல்லு இருந்துச்சுங்க."

"பின்னாடி மந்திரி இருந்தாருடா!"

"அவரு மூட்டைக்குப் பின்னாடி இருந்தாருங்க. கண்ணாடியில தெரியல."

ராஜா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தபோது தும்மலும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

"தேவிப்ரியா, அந்தப் புள்ளைக்கு எழுதி அனுப்பு" என்றார் கடைசியில். பிறகு அர்ஜுனன் பக்கம் விரலை நீட்டினார். "நீ இங்க வா. வர்ற பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில எனக்கு பந்தோபஸ்து. ஆளுங்கள ஏத்தி எறக்க ஒரு வண்டி வேணும். நீ வர்ற. எனக்குப் பின்னாடி வர்ற. முன்னாடி உன் வண்டி மூஞ்சி தெரிஞ்சுது, சுட்டுடுவேன்."

பௌர்ணமியன்று பாதையோரத்து அடி அண்ணாமலை கிராமத்தில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், மைக்கில் ராஜாவின் குரல் கேட்டது. "யோவ் பைலட்டு, வண்டிய ஓரங்கட்டு!" அர்ஜுனனுக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று வண்டியை நகர்த்தாமலே நின்றார்.

மாறன் கிளம்பும் நாள் வந்தது. சென்னை போய், அங்கிருந்து ஐதராபாத்தில் பயிற்சி. பஸ் நிறுத்தத்தில் ஊரே கூடிவிட்டது. ரீகால் வந்துவிட்டது என்று அவன் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல, அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. தனம் புளிசோற்றுப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

"உள்ள யார் கூடயும் வம்புக்குப் போவாத தம்பி. நல்லபடியா நடந்துகினா நாளக் கொறைப்பாங்களாம்."

"அக்கா, நான் ஜெயிலுக்குப் போகல. வேலைக்குப் போறேன்."

"வேலதான் குடுப்பாங்க, தெரியும்பா. நெசவா, தச்சு வேலயா, எது குடுத்தாலும் கத்துக்கோ."

மாறன் மாமாவைப் பார்த்தான். அர்ஜுனன் வானத்தைப் பார்த்தார். ஆராயி ஒரு முழம் பூவை வேன் கண்ணாடியில் மாட்டிவிட்டு அழுதுகொண்டே போனாள்.

வண்டி செஞ்சி ரோட்டில் ஏறியது. பேசிக்கொண்டே வந்த அர்ஜுனனின் கை, ஒரு இடத்தில் தானாகத் திரும்பியது.

"மாமா! மில்லு!"

ரைஸ்மில் ஆட்கள் கை காட்டினார்கள். அர்ஜுனன், ஒன்றுமே நடக்காதது போல உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்து, "டீசலப் பார்த்தேன்" என்றார்.

விமான நிலைய வாசலில் மாறன் தொப்பியைச் சரி செய்துகொண்டான். புது பாஸ் கழுத்தில் தொங்கியது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வேனைச் சுற்றி ஒரு வலம் வந்தான். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. அவன் அவசரப்படவில்லை.

"இடது பின் டயர்ல காத்து கம்மி மாமா."

"தெரியும், போடா."

"கண்ணாடியில பைலட்டுன்னு எழுதினது அழிஞ்சு கிடக்குது."

"எழுதணும்."

மாறன் பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டடி போனான். காவலர் பாஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார். அப்போதுதான் ஏதோ ஞாபகம் வந்தவனாக மாறன் திரும்பி ஓடி வந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. தனம் அக்கா அழுதுகினே இருக்கும். போனதும், நான் விடுதலை ஆயிட்டேன்னு சொல்லிடுங்க. ஃபர்லோவப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க."